எஞ்சிய 9 கிலோமீட்டர்

திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். பங்குப் பேரவையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் நம் தோளைத் தட்டி, "என்ன, ஓட்டத்தை முடித்துவிட்டீர்களா? பதக்கம் எங்கே?" என்று கேட்டார். நல்ல மனத்தோடு கேட்ட கேள்விதான். ஆயினும் விடை கூற நமக்கு நா எழவில்லை. சென்னைக் கடற்கரையோரம் ஒரு ஜனவரித் திங்களில் நடந்த அந்த மாரத்தான் ஓட்டத்தில், 33ஆவது கிலோமீட்டரில் நாம் நின்றுவிட்டோம். எஞ்சிய 9 கிலோமீட்டரும் அதன்மேல் ஒரு 195 மீட்டரும் இன்றளவும் நம் கணக்கில் நிலுவையாகவே இருக்கின்றன. "முடிக்கவில்லை" என்று நாம் சொன்னதும், நண்பர் துக்க வீட்டில் நிற்பவரைப் போல முகத்தை மாற்றிக்கொண்டு, "போகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அடுத்த முறை உண்டா என்பதைப் பற்றித்தான் இங்கு எழுத முற்படுகிறோம்.

நாம் ஓட்ட வீரர் அல்லோம் என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நலம். பள்ளி நாட்களில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நம் பின்னால் எவரும் வந்ததாக நினைவில்லை. வயது 54. பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் எச்சரித்தபோது நடக்கத் தொடங்கினோம். நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் பழக்கமாயிற்று. அரை மாரத்தான் எனப்படும் 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் எட்டும், முழு மாரத்தான் இரண்டும் ஓடி முடித்திருந்தோம். மூன்றாவதில்தான் இந்த நிலுவை.

நம்மைப் போன்றோரை நம்பித்தான் இன்று உலகின் பெரிய ஓட்டங்கள் நடைபெறுகின்றன என்றால் அது மிகையன்று. பாஸ்டன் நகரில் 1897இல் முதல் மாரத்தான் நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர். நியூயார்க்கில் 1970இல் ஒரு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்த முதல் ஓட்டத்தில் 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தனர். அதே நியூயார்க்கில் 2025 நவம்பரில் 59,000க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தனர். இவர்களில் பரிசுக்காக ஓடியவர்களை ஒரு சிற்றுந்தில் ஏற்றிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் அலுவலகத்திற்கும் அடுப்படிக்கும் திரும்ப வேண்டியவர்கள். நம் நாட்டிலும் இதே கதைதான். மும்பையில் 2004இல் தொடங்கிய ஓட்டம் ஆண்டுதோறும் ஜனவரியின் மூன்றாம் ஞாயிறன்று நடக்கிறது. பெங்களூரில் 10 கிலோமீட்டர், தில்லியில் அரை மாரத்தான், கொல்கத்தாவில் 25 கிலோமீட்டர், கோவையில் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடைபெறும் ஓட்டம் என்று நாட்காட்டியே நிரம்பிவிடும்.

இனி, அந்த ஜனவரிக் காலைக்கு வருவோம்.

விடியுமுன்னே, கடற்காற்று முகத்தில் படிந்துகொண்டிருந்த வேளையில் புறப்பட்டோம். ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பது நம் திட்டம். ஆனால், இருட்டில், கூட்டத்தின் ஆரவாரத்தில், நம்மினும் இளையோர் இருவர் நன்றாகப் பேசிக்கொண்டு ஓட, அவர்களோடு நாமும் ஓடிவிட்டோம். பாதித் தொலைவை இரண்டு மணி இருபது நிமிடத்தில் கடந்தபோது, நமக்குள் ஒரு பெருமிதம் தலைதூக்கியது உண்மை. இதற்கு எவர் மீதும் பழி சொல்வதற்கில்லை. வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் இருந்தது. உப்பிட்ட எலுமிச்சைச் சாறு இருந்தது. வாழைப்பழம் இருந்தது. இல்லாதிருந்தது நம் புத்தி ஒன்றுதான்.

ஏழரை மணிக்கு மேல் வெயில் ஏறிற்று. ஜனவரிதானே என்று எண்ணலாம். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றை அறிந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் கால் கனத்தது. அதுகூட எதிர்பார்த்ததே. உடலில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறத்தாழ அந்த இடத்தில்தான் தீரும் என்பதால், ஓட்டக்காரர்கள் அதைச் 'சுவர்' என்பார்கள். ஆனால், 33ஆவது கிலோமீட்டரை நெருங்கியபோது நேர்ந்தது வேறு. வெயிலில் குளிரெடுத்தது. முன்கையில் மயிர் சிலிர்த்தது. சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. முதலுதவிக் கூடாரத்தருகே நின்றிருந்த மருத்துவ மாணவி ஒருத்தி நம்மைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"ஐயா, உங்கள் பெயர் என்ன?"

சொன்னோம்.

"இன்று என்ன கிழமை?"

"வியாழன்" என்றோம்.

அன்று ஞாயிறு. நாம் தவறாகச் சொல்கிறோம் என்பது நமக்கே தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு சொல்லும் வாதாடாமல் நம்மை நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டியை வைத்து, ஈரத்துணியால் போர்த்தி விசிறினாள். கால் மணி நேரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டாள். "ஞாயிறு" என்றோம். சிரித்தாள். "இப்போது சரியாகச் சொல்கிறீர்கள். ஆனால், இனி ஓடக்கூடாது" என்றாள். நமக்கு அழுகை வந்தது. நம் மகளைவிட வயதில் இளையவள் முன் அழ நேர்ந்ததே என்ற நாணம் வேறு. பின்னால் வந்த பேருந்தில் ஏறி, நம்மைப் போலவே தலைகுனிந்து அமர்ந்திருந்த எட்டுப் பேரோடு முடிவெல்லைக்குச் சென்றோம்.

வீடு திரும்பிய பின் பல நாட்கள் அந்த 9 கிலோமீட்டரே நினைவாக இருந்தது. மெதுவாக நடந்தேனும் போயிருக்கலாமே, அந்தப் பெண் அளவுக்கு மீறிப் பயந்துவிட்டாளோ என்றெல்லாம் மனம் அலைந்தது. அந்த மனநிலையில்தான் பழைய ஓட்டங்களின் வரலாற்றைப் புரட்டினோம். புரட்டியதில் ஸ்டாக்ஹோம் நகரில் 1912ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் நம்மைப் பிடித்து நிறுத்திவிட்டது.

அதுவும் ஒரு ஞாயிறுதான். ஜூலை 14. சுவீடன் குளிர்நாடு, எனினும் அன்று பிற்பகல் வெப்பம் ஏறத்தாழ 32 பாகை. புறப்பட்டவர்கள் 68 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே முடிவெல்லையைக் கண்டனர். அந்த 68 பேரில் இருவர் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லசாரோ. லிஸ்பன் நகரத்துத் தச்சுத் தொழிலாளி. போர்ச்சுகல் முதன்முறையாகக் கலந்துகொண்ட அந்த ஒலிம்பிக்கில் அதன் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. வெயில் தம் தோலைச் சுட்டுவிடாதிருக்க அவர் உடலெங்கும் மெழுகு போன்ற கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார். அந்தப் பூச்சு வியர்வையின் வாயிலை அடைத்துவிட்டது. ஏறத்தாழ 30ஆவது கிலோமீட்டரில் விழுந்தார். மறுநாள் காலை உயிர் நீத்தார். தற்கால ஒலிம்பிக் போட்டி ஒன்றில் ஓடியதால் உயிரிழந்த முதல் வீரர் அவர்தான்.

மற்றவர் ஜப்பானைச் சேர்ந்த கனகுரி ஷிசோ. அவருக்கு வயது 20தான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி மாணவர். உடன் பயின்றவர்கள் பணம் திரட்டி அனுப்பிவைத்தனர். கப்பலிலும் சைபீரிய இரயிலிலுமாகப் பதினெட்டு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். இத்தனை பேர் நம்பிக்கையைச் சுமந்து வந்தவருக்கு, ஓட்டத்தின் நடுவே, ஏறத்தாழ 27ஆவது கிலோமீட்டரில், தலை சுற்றியது. சாலையோரத்து வீடு ஒன்றின் தோட்டத்தில் சிலர் அமர்ந்திருந்தனர். உள்ளே சென்றார். அவர்கள் பழச்சாறு கொடுத்து உபசரித்தனர். இளைப்பாறினார். பிறகு ஓட்டத்திற்குத் திரும்பவில்லை. நடுவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், வெட்கம் பிடர்பிடித்து உந்த, ஊர் திரும்பிவிட்டார். புறப்பட்டவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. முடித்தவர் பட்டியலிலும் இல்லை, விலகியவர் பட்டியலிலும் இல்லை. 'காணாமற்போன ஜப்பானியர்' என்று சுவீடனில் ஒரு கதையே எழுந்தது. (அவர் 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஓடி 16ஆவதாக வந்தவர். அப்படியிருக்க, 'ஐம்பது ஆண்டுகள் தேடினார்கள்' என்று எழுதுவோரின் கற்பனையை நாம் முழுமையாக நம்ப வேண்டுவதில்லை.)

1967இல் சுவீடன் நாட்டினர் அவரை அழைத்தனர். 75 வயதில், மேலங்கி அணிந்தவராய், அதே விளையாட்டரங்கில் கடைசிச் சில மீட்டர் ஓடி எல்லையைக் கடந்தார். ஓட்ட நேரம் அறிவிக்கப்பட்டது: 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடம், 20 வினாடியும் சற்றும். நெடிய பயணம்தான், நடுவில் மணம் முடித்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றாகிவிட்டது என்று அவர் வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வர்.

இவ்விரு இளைஞரும் ஒரே நாளில், ஒரே வெயிலில், ஒரே சாலையில் ஓடியவர்கள். நாம் நின்ற இடம் 33. லசாரோ விழுந்த இடம் 30. இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள், அந்த மருத்துவ மாணவியின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று வருந்தினோம்.

உடலுக்குள் நிகழ்வது என்ன என்பதையும் கூறிவிடுவோம். இல்லத்தில் ஓடுவோர் இருந்தால் பயன்படும். ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். ஆவியானால் என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது. காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்தால் முதலில் குழம்புவது மூளை. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சுத் தடுமாறுகிறதா, நாளும் இடமும் தெரிகிறதா என்பதே முதற்சோதனை. கிழமை கேட்ட பெண்ணின் கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று. அத்தகையவரைத் தாமதமின்றிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே முதல் மருத்துவம். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது அதன் பின்னர்தான் என்பது இன்று மருத்துவர்கள் வலியுறுத்தும் முறை.

அதற்காக நீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் கேடே. 2002இல் பாஸ்டனில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு உப்பின் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கிய காரணம்.

'அப்படியானால் இந்த ஓட்டமே வேண்டாமே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நம் காதில் விழுகிறது. அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்ததில், ஓட்டத்தின்போதோ முடித்தவுடனோ இதயம் நின்றவர்கள் 59 பேர்; அவர்களில் 42 பேர் இறந்தனர். விகிதம் மிகச் சிறியதே. ஆனால், அந்த 42 வீடுகளில் விகிதத்தைப் பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இதயத்தைச் சோதித்துக்கொண்டு ஓடுவதே முறை.

வண்டிகள் வேறு இருக்கின்றன. 2023இல் சிகாகோவில் 2 மணி 35 வினாடியில் ஓடி உலகை வியக்க வைத்த கென்யாவின் கெல்வின் கிப்டம், 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் 24 வயதில் மறைந்தார். 89 வயதில் தம் முதல் மாரத்தானை லண்டனில் ஓடி, 100 வயதில் டொரான்டோவில் எட்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடி முடித்த பௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் ஊர்ச் சாலையைக் கடக்கையில் வண்டி மோதி இறந்தார். கடவுச்சீட்டின்படி அவர் வயது 114. நாம் விடியலில் பயிற்சிக்குச் செல்லும்போது நம் துணைவியார் அஞ்சுவது நம் இதயத்தைப் பற்றியன்று, லாரிகளைப் பற்றியே.

அண்மை ஆண்டுகளின் ஓட்டங்களில் நம் மனத்தில் நின்றவை எவை என்று கேட்டால், விரைவுக் கணக்குகளை நாம் சொல்லமாட்டோம். அவற்றின் மீது ஐயத்தின் நிழலும் படிந்துவிட்டது. 2024 அக்டோபரில் சிகாகோவில் ரூத் செப்னெக்டிச் 2 மணி 9 நிமிடம் 56 வினாடியில் ஓடியபோது பெண்களில் 2 மணி 10 நிமிடத்திற்குள் ஓடிய முதல்வர் என்று கொண்டாடினர். அடுத்த ஆண்டே, 2025 மார்ச்சில் எடுத்த சோதனையில் தடை செய்யப்பட்ட மருந்து கண்டறியப்பட்டு, மூன்று ஆண்டுகள் ஓடத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் சிவநாத் சிங், வெறுங்காலோடு ஓடிப் பழகியவர், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியர் எவராலும் அதை எட்ட முடியாதிருந்தது. விரைவைப் பற்றி இவ்வளவு போதும்.

நம் மனத்தில் நிற்பது 2024 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் ஓட்டம். மன்னரைப் பாரிசுக்கு அழைத்து வர 1789 அக்டோபரில் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்த வழியை நினைவூட்டும் பாதை. ஏற்றமும் இறக்கமும் மிக்கது. எதியோப்பியாவின் தமிரத் தோலா 2 மணி 6 நிமிடம் 26 வினாடியில் வென்றார். அதே ஓட்டத்தில், முன்பு இருமுறை ஒலிம்பிக் மாரத்தானை வென்ற எலியுட் கிப்சோகே, முப்பதாவது கிலோமீட்டரை அடுத்து நின்றுவிட்டார். 2019இல் வியன்னாவில், போட்டி விதிகளுக்கு வெளியே நடந்த ஒரு முயற்சியில், இரண்டு மணி நேரத்திற்குள் 42 கிலோமீட்டர் ஓடிக் காட்டியவர் அவர். முதுகில் வலி. சாலையோரம் நின்றார். மக்கள் சூழ்ந்துகொண்டனர். கடைசி ஓட்டக்காரரும் தம்மைக் கடந்து செல்லும்வரை காத்திருந்தார். மேற்சட்டை, காலணி முதலியவற்றை அங்கிருந்தோர்க்கே கொடுத்துவிட்டு, பின்தங்கியோரை ஏற்றும் வண்டியில் ஏறிப் போனார். உலகத்து முதல்வரும் நாம் ஏறிய அதே வகை வண்டியில் ஏறினார் என்பதைப் படித்தபோது நமக்கு உண்டான ஆறுதலை என்னென்பது!

மறுநாள் பெண்களுக்கான ஓட்டம். நெதர்லாந்தின் சிஃபான் ஹாசன் 2 மணி 22 நிமிடம் 55 வினாடியில் முதலாவதாக வந்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து, 80ஆவதாக, கடைசியாக வந்தவர் பூட்டான் நாட்டின் கின்சாங் லாமோ. 3 மணி 52 நிமிடம் 59 வினாடி. வழியில் சில இடங்களில் நடந்தே வந்தார். அந்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பில்லாத பாரிஸ் மக்கள், மிதிவண்டியிலும் காலாலும் அவருக்கு இணையாக வந்து குரல் கொடுத்தனர். அரங்கில் இருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். அவர் நேரம் நம் போன்றோர் கனவு காணும் நேரம் என்பது ஒருபுறமிருக்க, 79 பேர் சென்று மறைந்த சாலையில் தனியே ஓடுவது எவ்வளவு நீண்டது என்பதைக் கடைசியில் ஓடியவர்களே அறிவர்.

கடைசியில் வருவோரைப் பற்றிப் பேசும்போது கால வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டு மாரத்தான்களில் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு மணி நேரம் தருவார்கள். அதற்குப் பின் சாலை வண்டிகளுக்குத் திறந்துவிடப்படும். இவ்வகையில் மிகக் கண்டிப்பானது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப்போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, போர்க்களம் கண்ட இரயில் ஓட்டுநர் விக் கிளாப்பம் என்பவர் 1921இல் தொடங்கியது. 1975 வரை வெள்ளையர் அல்லாதார்க்கும் பெண்களுக்கும் அதில் முறையான இடமில்லை. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்திற்குக் கப்பலேறிய நம் தமிழரின் வழித்தோன்றல்கள் டர்பனில் பல்லாயிரவர் வாழ்ந்தும், தங்கள் ஊர்ச் சாலையில் ஓடும் ஓட்டத்தை ஓரத்தில் நின்று பார்க்கவே அவர்களுக்கு அனுமதி இருந்தது.

அங்கு இப்போதைய வரம்பு 12 மணி நேரம். நேரம் முடிகின்ற கணத்தில் ஒருவர் ஓடி வருவோரைப் பாராமல் முதுகைத் திருப்பி நின்று துப்பாக்கியால் வெடிக்கிறார். அதற்கு ஒரு வினாடி பின்னால் வருபவர்க்குப் பதக்கம் கிடையாது. 90 கிலோமீட்டர் ஓடி, பத்தடி தூரத்தில் அந்த வெடியைக் கேட்பவரை நினைத்துப் பாருங்கள். நமக்கு இது கொடுமையாகவே தோன்றிற்று. ஆனால், 1989இல் நடந்ததைப் படித்தபின் அந்தக் கண்டிப்பின் மேல் ஒரு மரியாதையும் பிறந்தது. முன்பு ஐந்து முறை அதை வென்ற வாலி ஹேவர்ட், 80 வயதில் ஓடி வந்தார். அப்போது வரம்பு 11 மணி நேரம். கால்கள் தள்ளாட, அவர் எல்லையைக் கடந்தபோது எஞ்சியிருந்தது இரண்டு நிமிடத்திற்கும் குறைவே. வரம்பு என்று ஒன்று இல்லாதிருந்தால் அந்த இரண்டு நிமிடத்தை எவர் நினைவில் வைத்திருப்பார்?

இதற்கு நேர் எதிரானதும் நம் அருகிலேயே தோன்றிற்று. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008இல் தொடங்கிய ஓட்டத்தில் பரிசும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. செம்மண் பாதையில் ஓடுகிறவர் ஓடலாம், நடக்கிறவர் நடக்கலாம். எது சிறந்தது என்று நம்மைக் கேட்டால், விரைவை அளக்காத ஓட்டத்தில் ஓடவே உடலுக்குப் பிடிக்கிறது. அளக்கிற ஓட்டத்தில்தான் மனம் போய் நிற்கிறது. நம் தொல்லையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இனி வரவிருக்கும் ஓட்டத்திற்கு வருவோம். சென்னையின் பெரிய ஓட்டம் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில்; மும்பையினுடையது அதே திங்களின் மூன்றாம் ஞாயிறு. மும்பைக்குப் போகும் ஆசை நமக்கு நெடுநாளாக உண்டு. பெடர் சாலை ஏற்றம் ஓட்டத்தின் பிற்பகுதியில், கால் ஓய்ந்த வேளையில் வரும். வீட்டு மாடங்களில் நின்று மக்கள் கைதட்டுவர், குழந்தைகள் மிட்டாய் நீட்டுவர் என்று ஓடி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால், இரயில் கட்டணம், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. மும்பை காத்திருக்கும்.

இந்த ஓட்டங்கள் யாவும் ஞாயிறு விடியலிலேயே நடப்பது நம் போன்ற குடும்பங்களுக்கு ஒரு சங்கடம். ஓட்ட நாட்களுக்கு முன்தினம் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். அங்கே முன்வரிசையில், மறுநாள் ஓட்டத்திற்கான கைப்பட்டையை மணிக்கட்டில் கட்டியபடி இன்னும் நான்கைந்து பேரைக் காண்பதுண்டு. ஒரு முறை நம் பங்குத் தந்தை அதைக் கவனித்துவிட்டு, "நாளை ஓடுகிறவர்கள் இன்று மறையுரையின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு நீண்ட தொலைவு பழக்கம்தானே" என்றார். சிரிப்பொலி எழுந்தது. அன்று மறையுரை நீண்டதும் உண்மை.

முழு ஓட்டமா, அரை ஓட்டமா என்பதில் ஒரு வாரம் வீட்டில் விவாதம் நடந்தது. அரை ஓட்டம் போதும் என்பது மகளின் கட்சி. ஓட்டமே வேண்டாம் என்பது ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயாரின் கட்சி. "ஓடித் தேடுவதற்கு என்ன தொலைந்து போயிற்று?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் இன்னும் விடையில்லை. 9 கிலோமீட்டர் தொலைந்து போயிற்று அம்மா என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கனகுரி 54 ஆண்டுகள் காத்திருந்தார். நம்மால் 54 வாரங்கள்கூட இயலவில்லை என்பது நம் குறைதான்.

முடிவில் முழு ஓட்டத்திற்கே பெயர் கொடுப்பதென்றாயிற்று, நிபந்தனைகளோடு. இதயச் சோதனை செய்துகொண்டோம். குறையொன்றுமில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். முதற்பாதியை மூன்று மணி நேரத்திற்கு முன் கடப்பதில்லை. ஏழரை மணிக்கு மேல் நிழலுள்ள பக்கமாக, ஒவ்வொரு பந்தலிலும் தலையில் நீர் ஊற்றிக்கொண்டு, நடந்தும் ஓடியும் செல்வது. இந்த மூன்று மாதமாக வாரம் ஒருமுறை, வேண்டுமென்றே வெயில் ஏறிய பின் பயிற்சி செய்து உடலைப் பழக்கி வருகிறோம். வெப்பத்திற்கு உடல் பழக இரண்டு வாரங்களேனும் வேண்டும் என்பது மருத்துவ நூல்களின் கூற்று.

விண்ணப்பத்தை நிரப்பும்போது, 'அவசரத்திற்கு யாரை அழைப்பது' என்ற இடத்தில் சென்ற முறை அலுவலக நண்பரின் எண்ணைக் கொடுத்திருந்தோம். வீட்டில் பயப்படக்கூடாதே என்று. இம்முறை துணைவியார் கைப்பேசியை நம் கையிலிருந்து வாங்கித் தம் எண்ணைத் தாமே பதிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"என்னங்க, அந்த 33ஆவது கிலோமீட்டரில் குடையோடு நான் நிற்கிறேன். என்ன கிழமை என்று கேட்பேன். ஞாயிறு என்றால் போகவிடுவேன். வேறு எது சொன்னாலும் பக்கத்தில் ஆட்டோ நிற்கும்."